ஃபின்லாந்துக்காரியைப் பார்க்கப் போன நாள்

"எங்க அம்மா தபாலுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க." அம்மா என்ன வேலை செய்றாங்கன்னு கிளாஸ்ல எழுதச் சொன்னதுக்கு எம்மக இங்கிலீஷ்ல இப்படித்தான் எழுதிட்டு வந்தா. கீழ படம் வேற. ஒரு தபால் பெட்டி, பக்கத்துல நான். பெட்டி என்னைவிடக் கொஞ்சம் பெருசா இருந்துச்சு. டீச்சர் அதுக்கு ஒரு ஸ்மைலி ஒட்டி அனுப்பியிருந்தாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைச் சுக்குநூறாக் கிழிச்சிருப்பேன். ஆனா எதைச் சொல்லிக் கிழிக்கிறது? அவ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லையே.

நாங்க இருக்கிறது டெக்சாஸ்ல, ஃபிரிஸ்கோங்கிற ஊர்ல, வடக்குப் பக்கம் புதுசா எழும்பின வீடுகள்ல. எங்க வீட்டுக்காரருக்கு ரிச்சர்ட்சன்ங்கிற பக்கத்து ஊர்ல வேலை. அவரு விசாவை ஒட்டிக்கிட்டுத்தான் என் விசா. ஆபீஸ் பாஷையில நான் அவரோட டிபென்டென்ட். அவரை அண்டி இருக்கிறவ. அந்த வருஷம் ரெண்டு பேருக்கும் விசா நீட்டிக்க வேண்டி வந்துச்சு. அவருக்கு வந்துருச்சு, கம்பெனிக்காரங்க விரட்டி வாங்கிக் குடுத்துட்டாங்க. எனக்கு வரல. எனக்காக விரட்ட யாரு இருக்கா? விசா வராம டிரைவிங் லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க, வேலை பாக்கிற கார்டும் வராது. நான் கணக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்த சின்ன ஸ்கூல்ல, கார்டு வந்ததும் வாங்கன்னு பூங்கொத்து குடுத்து வழியனுப்பி வச்சாங்க. பூ வாடிப்போய் ரொம்ப நாளாச்சு, தபால்ல கார்டு வந்தபாடில்ல.

டெக்சாஸ்ல கார் ஓட்ட முடியலைன்னா கால் இல்லாத மாதிரிதான். பால் தீர்ந்தா அவரு வரணும். அனுமார் கோயிலுக்குப் போகணும்னா அவரு வண்டி எடுக்கணும். ஈரோட்டுல காலேஜுக்கு ஸ்கூட்டியில பறந்துக்கிட்டிருந்தவ நான். பின்னால உக்காந்து வரச் சொன்னா எங்கப்பாவையே முறைப்பேன். இங்க என்னோட கார் கராஜ்ல தூங்குது. பேட்டரி செத்துப் போகக் கூடாதுன்னு அப்பப்ப ஷட்டரைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுவேன். சீட்டுல உக்காந்து பெல்ட்கூடப் போட்டுக்குவேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆஃப் பண்ணிட்டு, உள்ள வந்து ரசம் வைப்பேன். பைத்தியக்காரத்தனம்தான், இல்லைன்னு சொல்லல.

சும்மா ஓட்டு, யாரு பிடிக்கப் போறான்னு சொன்னவங்களும் உண்டு. போலீஸ் பிடிச்சா அது எம்மேல மட்டுமா போகும்? மூணு பேரோட பொழப்புக்கும் உலை. எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும், ஆனா புத்தி அதுக்கும் மேல நிக்குது. அதனால வண்டி கராஜைத் தாண்டினதில்ல.

இதுல நான் தவறவிட்டது பாலும் கோயிலும் இல்ல, எம்மக. வசந்த காலத்துல அவ ஸ்கூல் கச்சேரிக்கு நான் நேரத்துக்குப் போகல. அவரு மீட்டிங் முடிச்சு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள பாட்டெல்லாம் பாடி முடிச்சு பிள்ளைங்க நாற்காலியை மடக்கிக்கிட்டிருந்தாங்க. அவ கார்ல வர்றப்ப ஜன்னல் பக்கமாத் திரும்பியே இருந்தா. அழுதிருந்தா சமாதானம் பண்ணியிருக்கலாம். அடுத்த தடவை, அம்மா வராட்டிப் பரவாயில்லன்னு அவளே முந்திக்கிட்டுச் சொன்னா. அந்தப் பரவாயில்லை எனக்கு நெஞ்சுல இறங்கிடுச்சு. ஒரே ஒரு தடவையாவது, அம்மா வர்றேன்னா வந்துடுவா, யாரும் கூட்டிட்டு வராம தானா வந்துடுவான்னு அவளுக்குத் தெரியணும். அது ஒண்ணுதான் அப்ப எனக்கு வேண்டியிருந்துச்சு.

அந்த நேரத்துலதான் மெழுகுப் பொம்மைக் கண்காட்சி வந்துச்சு. அவங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் நடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் சரித்திரத்துல இருந்து ஒரு ஆளை எடுத்துக்கணும். அந்த ஆள் மாதிரியே உடுத்திக்கிட்டு அசையாம நிக்கணும். காலடியில சிவப்புத் தாள்ல ஒரு பட்டன் ஒட்டியிருக்கும். பாக்க வர்றவங்க அதை மிதிச்சா பொம்மைக்கு உயிர் வந்து, நான் இன்னார்னு சொல்லி வாழ்க்கை வரலாறு பேசும். பேசி முடிச்சதும் மறுபடியும் பொம்மை. டீச்சர் சீட்டு குலுக்கிப் போட்டாங்களாம். கூட இருந்த பிள்ளைங்களுக்கு விண்வெளிக்குப் போனவங்க, ஜனாதிபதிங்க, பந்து விளையாடுறவங்கன்னு வந்துச்சு. எம்மகளுக்கு வந்தது ஃபின்லாந்துல பெண்கள் உரிமைக்குப் போராடின ஒரு அம்மா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஒரே ஒப்பாரி. அவங்களை யாருக்குமே தெரியாதாம், கடையில டிரெஸ்கூடக் கிடைக்காதாம்.

எனக்கும் தெரியாதுதான். ஆனா எனக்கு வேற என்ன வேலை? உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல மகளுக்காக. அப்புறம் சத்தியமா எனக்காக.

அந்தம்மா பொறந்தப்ப அந்த நாடு ரஷ்யச் சக்கரவர்த்தி கையில இருந்துச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பன்தான் பொறுப்பாளி. அப்பன் இல்லைன்னா அண்ணனோ தம்பியோ, யாரோ ஒரு ஆம்பளை. அவளுக்குத் தலை நரைச்சிருந்தாலும் சரி, அவளா ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. அந்தம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்பவே கல்யாணம் ஆகாதவங்களுக்கு அது தளர்ந்துச்சு. ஆனா கல்யாணம் பண்ணிக்கிட்டா கதை வேற. அன்னையிலேருந்து புருஷன் பொறுப்பாளி. அந்தம்மா கல்யாணமே பண்ணிக்கல. ஏன்னு எந்த இடத்துலயும் எழுதல. எனக்குக் காரணம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, நானா நினைச்சுக்கிட்டதாகவும் இருக்கலாம்.

டீச்சர் வேலைக்குப் படிச்சு, ஸ்கூல் நடத்துச்சு. பையனும் பொண்ணும் ஒரே வகுப்புல உக்காந்து ஒரே பாடம் படிக்கிற ஸ்கூல். அப்ப அது பெரிய கலகம். அந்தக் காலத்துல அங்க ஒரு பொண்ணு யுனிவர்சிட்டியில சேரணும்னா, பொண்ணாப் பொறந்ததுல இருந்து எனக்கு விலக்கு குடுங்கன்னு மனு போடணுமாம். இதைப் படிச்சப்ப அடுப்புல பீன்ஸ் பொரியல் இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல. தனியா நின்னு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருந்து பொரியல் அடி பிடிச்சுப் போச்சு. எந்த ஆபீஸ்ல, எந்த ஜன்னல்ல அந்த மனுவை நீட்டியிருப்பாங்க? நானா இருந்தா, பொண்டாட்டியா இருக்கிறதுல இருந்து விலக்கு கேட்டு ஒரு மனு போடுவேனேன்னு தோணுச்சு. புருஷன் மேல கோபமா இல்ல. அந்த ஒட்டிக்கிட்டு இருக்கிறது இருக்குதே, அதுல இருந்து.

அப்புறம் பெண்களைச் சேர்த்து சங்கம் வச்சு, ஊர் ஊராப் போய்ப் பேசி, பேப்பர்ல எழுதி, பேச்சும் ஏச்சும் வாங்கி, கடைசியில ஐரோப்பாவுலேயே முதல்ல ஓட்டு வாங்கினது அந்த ஊர்ப் பொண்ணுங்கதான். ஓட்டு மட்டுமில்ல, தேர்தல்ல நிக்கிற உரிமையும் சேர்த்தே வாங்கினாங்க. அந்தம்மாவும் நின்னு ஜெயிச்சு பார்லிமென்ட்டுக்குள்ள போச்சு. அதோட விட்டுச்சா? புருஷன் பொறுப்பாளிங்கிற சட்டத்தை எடுக்கணும்னு அங்கேயும் போய் நின்னுச்சு. அந்தச் சட்டம் போறதுக்குள்ள அது கிழவி ஆயிடுச்சு. தனக்குப் புருஷனே கிடையாது, அந்தச் சட்டத்தால ஒரு நஷ்டமும் கிடையாது. அடுத்தவங்களுக்காக எவ்வளவு காலம்தான் ஒருத்தி கத்துவா! எனக்கு அந்தம்மா மேல பாசமே வந்துருச்சு. மத்தியான நேரத்துல அதுகூட மனசுக்குள்ள பேசவே ஆரம்பிச்சுட்டேன்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுல இதெல்லாம் சொன்னேன். மக வாயைப் பொளந்து கேட்டா. எங்க வீட்டுக்காரரு தோசையைப் பிச்சுக்கிட்டே, நல்லவேளை நீ அந்தக் காலத்துல பொறக்கல, ஒரு நாடும் தாங்கியிருக்காதுன்னு கிண்டல் பண்ணினாரு. வழக்கமா நானும் பதிலுக்கு ஏதாவது விடுவேன். அன்னைக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், கரன்ட், போன், டாக்டர், மகளோட ஸ்கூல், எல்லாத்துலயும் முதல்ல அவரு பேருதான் இருக்குன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போனேன். அவரு முகம் சுண்டிப் போச்சு.

"ஏன் அம்மிணி, நீ கேட்டு நான் எதுக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லீங்க. எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றீங்க. நான் எதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்?"

அவரு எந்திரிச்சுப் போய் எனக்கு இன்னொரு தோசை ஊத்திக் கொண்டு வந்து வச்சாரு. அவரு நல்ல மனுஷன், அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. கெட்டவனா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியாத் தூங்குவேன். இவரை வச்சுக்கிட்டு யாரைத் திட்டுறது?

டிரெஸ் நானே தைச்சேன். என்கிட்ட ஒரு கறுப்புப் புடவை இருந்துச்சு, கட்டுறதே இல்ல. பட்டுப்பாவாடை தைக்கிற மாதிரியே கொசுவம் வச்சு, வளர்ற பிள்ளைன்னு கீழ ரெண்டு மடிப்பும் வச்சுத் தைச்சேன். மெழுகுப் பொம்மைக்கு எதுக்கு வளர்த்தி மடிப்புன்னு அப்புறம்தான் உறைச்சுது. கை பழக்கம், என்ன பண்றது. மேசை விரிப்பு ஓரத்துல இருந்த லேஸை வெட்டிக் கழுத்துப்பட்டி. முடியை இழுத்துக் கொண்டை போட்டுப் பாத்தா, எம்மக நிஜமாவே யாரையோ எதிர்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்தா. பேச வேண்டியதையும் நானும் அவளும் சேர்ந்தே எழுதினோம். நான் தமிழ்ல சொல்வேன், அவ இங்கிலீஷ்ல மாத்துவா. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

அவளே ஒரு நிபந்தனையும் போட்டா. முதல்ல பட்டனை நான்தான் மிதிக்கணும். நான் வர்ற வரைக்கும் வேற யாரு மிதிச்சாலும் உயிர் வராது. அப்பாவை எதிர்பார்த்து லேட் பண்ணிடாதேன்னு சொன்னா. நான் அவ தலையில கை வச்சு, வந்துருவேன் கண்ணுன்னு சொன்னேன்.

கண்காட்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம். அவரு வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. நான் குளிச்சு, நல்ல சுடிதார் போட்டுக்கிட்டு முன்னாடியே வாசல்ல நின்னேன். போன் வந்துச்சு. ஆபீஸ்ல ஏதோ பெரிய சிஸ்டம் படுத்துக்கிச்சாம், அவரு இல்லாம எந்திரிக்காதாம். டாக்சி புக் பண்ணி அனுப்புறேன், வண்டி எங்க வருதுன்னு நான் போன்ல பாத்துக்கிறேன், நீ ஏறி உக்காந்தா போதும்னாரு. கொஞ்ச நேரத்துல, டிரைவர் கேன்சல் பண்ணிட்டான், வேற பாக்கிறேன்னாரு. ரெண்டு வார்த்தை நல்லாக் கேட்டிருப்பேன், ஆனா அவரு குரலே அழற மாதிரி இருந்துச்சு. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் நடந்து போயிக்கிறேன்னு வச்சுட்டேன்.

ஸ்கூல் ஒண்ணும் கண்காணாத தூரத்துல இல்ல. ஸ்கூல் பஸ் விடாத அளவுக்குப் பக்கம்தான். வேலைக்குப் போற எதிர்வீட்டுக்காரங்க கார்ல எம்மக காலையில பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவா. ஆனா அந்தத் தூரத்தை யாரும் நடக்கிறதா நினைச்சு ரோடு போடல. எங்க தெரு முடியிற வரைக்கும் நடைபாதை இருந்துச்சு. அப்புறம் பாதி கட்டின வீடுங்க, மண் மேடு, அதோட நடைபாதை காலி. பெரிய ரோட்டு ஓரத்துப் புல்லுல நடந்தேன். பக்கத்துல வண்டிங்க பறக்குது. காத்து துப்பட்டாவைப் பிடிச்சு இழுக்குது. தண்ணி தெளிக்கிற குழாய் திடீர்னு சுத்தி என் சுடிதார் ஒரு பக்கம் நனைஞ்சு போச்சு. செருப்புல சேறு. டெக்சாஸ் வெயிலு, கேக்கவா வேணும்.

ஒரு வண்டி மெதுவா ஓரங்கட்டுச்சு. உள்ள ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா, கண்ணாடியை இறக்கி, உங்களுக்கு ஏதாவது ஆபத்தா, போலீஸைக் கூப்பிடட்டுமான்னு கேட்டாங்க. பாவம், நல்ல எண்ணத்துலதான். இங்க ஒரு பொம்பளை ரோட்டோரமா நடந்தாலே, ஒண்ணு வண்டி ரிப்பேர், இல்ல வீட்டுல சண்டை. நான் ஸ்கூலுக்குப் போறேன்னு சொன்னேன். நடந்தேவான்னு கேட்டாங்க. ஆமா, காலாலன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்தேன். அவங்க கொஞ்ச தூரம் என் கூடவே மெதுவா வண்டியை உருட்டிக்கிட்டு வந்தாங்க, அப்புறம் போயிட்டாங்க. எனக்குக் கால் வலிச்சுது, ஆனா அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நானா ஒரு இடத்துக்குப் போறேன்.

ஸ்கூல் வாசல்ல கண்ணாடிக் கதவு ரெண்டு அடுக்கு. முதல் கதவைத் திறந்து விட்டாங்க. ரெண்டாவது கதவுக்கு முன்னாடி ஒரு மேசை, அங்க ஒரு அம்மா. வர்றவங்க அடையாளக் கார்டை ஒரு மெஷின்ல வைக்கணும், மெஷின் சரின்னா ஸ்டிக்கர் ஒண்ணு அடிச்சுத் தரும், அதை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு உள்ள போகலாம். இதுக்கு முன்னாடியும் நான் வந்திருக்கேன். அப்பெல்லாம் எங்க வீட்டுக்காரரு தன் கார்டை வச்சு, மை வைஃப்னு என்னைக் காட்டுவாரு, நானும் பின்னாலேயே போயிடுவேன். ஒரு நாளும் அதுல எனக்கு ஒண்ணும் தோணினதில்ல.

என் லைசன்ஸை வச்சேன். மெஷின் கத்துச்சு. தேதி முடிஞ்சு போன கார்டாம், ஏத்துக்காதாம். சரி, என் பேரைப் பாத்து உங்க கம்ப்யூட்டர்ல தேடுங்கன்னு சொன்னேன். அங்கதான் எங்க ஊர் புத்தி எனக்கு ஆப்பு வச்சுது. எங்க ஊர்ல யாருக்குக் குடும்பப் பேரு இருக்கு? அப்பா பேருக்கு ஒரு எழுத்து, அப்புறம் நம்ம பேரு, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுக்கு எழுதறப்ப குடும்பப் பேருங்கிற கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். என்னைப் போல எத்தனையோ பேர் விட்டிருக்காங்க. அமெரிக்க விசாக்காரங்க என் பேரைத் தூக்கி அந்தக் கட்டத்துல போட்டுட்டு, முதல் பேருக்கு எஃப் என் யூன்னு அடிச்சுட்டாங்க. முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். லைசன்ஸ்லயும் அதேதான். ஆஸ்பத்திரியில என்னை ஃப்னூன்னுதான் கூப்பிடுவாங்க, நானும் எந்திரிச்சுப் போவேன். ஆனா மகளை ஸ்கூல்ல சேர்க்கிறப்ப எங்க வீட்டுக்காரரு அம்மா பேருங்கிற இடத்துல என் பேரை எழுதி, பின்னால தன் பேரைச் சேர்த்திருக்காரு. பாக்க அழகா இருக்கட்டும்னு. ஆக, கார்டுல இருக்கிறவ வேற, எம்மகளோட அம்மா வேற.

அந்த அம்மா கொஞ்சம்கூட முகம் கோணல. பாஸ்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க. வீட்டுல இருக்கு. போய் எடுத்துட்டு வர முடியுமான்னு கேட்டாங்க. நான் என் செருப்பைப் பாத்தேன். அவங்களும் பாத்தாங்க. உள்ள மைக்ல, கண்காட்சி முடியப் போகுது, எல்லாரும் சீக்கிரம் பாத்துக்கோங்கன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

"பிள்ளையோட அப்பாவுக்குப் போன் பண்ணலாமா? அவரு சரின்னு சொன்னா போதும்."

எனக்கு வந்துச்சே கோபம். நான்தான் பெத்தவ, ஆஸ்பத்திரியில வலியில கத்தினது நான், அவரு வெளியே காபி வாங்கிக்கிட்டிருந்தாரு. அதெல்லாம் தமிழ்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வேண்டாம், அவரைக் கூப்பிடாதீங்கன்னு சொன்னேன். அந்த அம்மா முகம் மாறிப் போச்சு. அப்பாவைக் கூப்பிட வேண்டாம்னு ஒரு பொம்பளை சொன்னா அவங்களுக்கு வேற மாதிரி தோணும்தானே, பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வந்தவளோன்னு. நான் இன்னும் ஒரு வார்த்தை பேசினா உள்ள கதவு இன்னைக்குத் திறக்காதுன்னு புரிஞ்சுது. நடந்து வந்த சந்தோஷமெல்லாம் அங்கேயே வடிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் எம்மக கறுப்புப் பாவாடையில அசையாம நின்னுக்கிட்டிருக்கா. சரி, கூப்பிடுங்கன்னேன்.

போனை ஸ்பீக்கர்ல போட்டாங்க. அவரு எடுத்தாரு. ஆமா, ஆமா, என் மனைவிதான், தயவு செஞ்சு உள்ள விடுங்க, ரொம்ப நன்றின்னு பதறிப் பதறிச் சொன்னாரு. என்னைப் பத்தி, என் முன்னாடி, எனக்காக நன்றி சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும், உதவி பண்றோம்னு நினைச்சிருப்பாரு. உதவிதான் பண்ணினாரு.

மெஷின் ஸ்டிக்கர் தராதுங்கிறதால அந்த அம்மா கையாலயே ஒரு சீட்டு எழுதினாங்க. மேல மாம். கீழ, அப்ரூவ்ட் பை டாட், அப்பா சரின்னு சொல்லிட்டாருன்னு. அதை அவங்களே என் துப்பட்டாவை ஒதுக்கி ஒட்டிவிட்டு, போய் நல்லாப் பாருங்கன்னு சிரிச்சாங்க. கதவு திறந்துச்சு, நான் ஓடினேன்.

ஸ்கூல் ஜிம் ஹால் முழுக்கப் பொம்மைங்க. பாதிப் பேர் தொப்பியைக் கழட்டிட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தாங்க. எம்மக மூலையில கையைக் கோத்துக்கிட்டு நின்னா. கண்ணு மட்டும் வாசலையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அவங்க டீச்சர் என்கிட்ட வந்து, எத்தனை பேர் மிதிச்சும் வாயைத் திறக்கலை, உடம்பு சரியில்லையான்னு மெதுவாக் கேட்டாங்க. நான் நேராப் போய்ச் சேத்துச் செருப்போட பட்டனை மிதிச்சேன்.

அவ மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க. அதுக்காக இன்னும் எத்தனை தடவை வேணாலும் நடப்பேன். கணீர்னு ஆரம்பிச்சா. நான் ஃபின்லாந்துல பொறந்தேன், அங்க ஒரு பொண்ணு எதைச் செய்றதா இருந்தாலும் ஒரு ஆம்பளை சரின்னு சொல்லணும், முதல்ல அப்பா, அப்புறம் புருஷன். அது வரைக்கும் வந்தவ கண்ணு என் நெஞ்சுல இருந்த சீட்டுக்குப் போச்சு. படிச்சா. பேச்சு நின்னு போச்சு. வீட்டுல நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றவ அவ. அன்னைக்குத் தமிழ்லயே கேட்டா, வேற யாருக்கும் புரியக் கூடாதுன்னு.

"அம்மா, அப்பா மட்டும் வந்திருந்தா உனக்குப் போன் பண்ணிக் கேட்டிருப்பாங்களா?"

"மாட்டாங்க கண்ணு."

சீட்டை அப்பவே கிழிச்சுப் போட்டிருக்கணும், எனக்குத் தோணவே இல்ல. அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அதுக்குள்ள யாரோ ஒரு பிள்ளையோட தாத்தா, பெரிய தொப்பியும் பூட்ஸுமா, எங்ககிட்ட வந்து பட்டனை மிதிச்சாரு. இவ வாயைத் திறக்கல. திரும்ப மிதிச்சாரு. அவ கண்ணு மறுபடியும் சீட்டுக்கே போச்சு. கூட்டத்துக்கு முன்னாடி இப்ப அழுதுடுவான்னு தெரிஞ்சுது. நான் அவ பக்கத்துல போய், அவளை ஒட்டி நின்னுக்கிட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நானே சொல்ல ஆரம்பிச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா சரின்னு சொல்லணும். அப்புறம் புருஷன் சரின்னு சொல்லணும். வேலைக்குப் போக, ஊருக்குப் போக, எல்லாத்துக்கும். அது வரைக்கும் நாங்க எழுதினதுதான். அதுக்கப்புறம் வந்தது எழுதினது இல்ல. என் பிள்ளையைப் பாக்க நான் நடந்து வந்தேன், வாசல்ல நிறுத்தி வச்சாங்க, புருஷன் சரின்னு சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தாங்க. நிறுத்தாம சொல்லி முடிச்சேன்.

அந்தத் தாத்தா தொப்பியைக் கழட்டிக்கிட்டுக் கை தட்டினாரு. அம்மாவும் மகளும் சேர்ந்து நடிச்சது ரொம்பத் தத்ரூபமா இருந்துச்சாம். அப்புறம் மரியாதையாக் குனிஞ்சு, இதெல்லாம் எந்தக் காலத்துல நடந்ததுன்னு கேட்டாரு.

இப்பத்தான், அந்த வாசல்லன்னு கையைக் காட்டினேன். அவரு சிரிச்சாரு. எம்மக சிரிக்கல.